ஒருத்தி வீடு

மார்ஷ்ஃபோர்ட் கல்லூரி வாசலில் பேருந்தை விட்டு இறங்கியதும், ஊரில் யாரோ பெரிய மனிதர் செத்துப்போயிருக்கிறார் என்றுதான் கோரா நெமெட்ஸ் நினைத்தாள். ஆகஸ்ட் மாத வெயிலில் புல்வெளியெங்கும் பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். ஆனால் ஒரு சத்தம் இல்லை. கோரா தன் பெட்டியை இழுத்துக்கொண்டு, மஞ்சள் சட்டை போட்ட ஐந்து பெண்களிடம் போனாள்.

"எல்ம் விடுதிக்கு எப்படிப் போகணும்?"

ஐவரும் அவளைப் பார்த்து மிக அழகாகச் சிரித்தார்கள். பதில் மட்டும் வரவில்லை. ஒருத்தி உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். இன்னொருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து நின்ற ரோஜா நிறச் சட்டைக்காரியிடம் கேட்டதற்கு, அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியே போனாள். நூலகத்து ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், கேள்வி முடிவதற்குள் கதவை இழுத்துச் சாத்தினாள். சாத்திய பிறகு கண்ணாடி வழியாகக் கை மட்டும் அசைத்தாள்.

கோரா நெப்ராஸ்காவில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவள். பதில் சொல்லாத உயிர்களோடு பேசிப் பழக்கம் உண்டு. ஆனால் மாடாவது தலையைத் திருப்பும்.

கடைசியில் ஒரு பெரிய வீட்டின் முன், புல்தரையில் போட்டிருந்த பழைய சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்த ஒருவன்தான் வாயைத் திறந்தான். அவன் பெயர் டெக்ஸ்டர்.

"அவளுங்க பேச மாட்டாளுங்க. இது மௌனக் காலம். வியாழக்கிழமை வரைக்கும் எந்தச் சங்க வீட்டுலயும் சேராத பொண்ணுகிட்ட, வீட்டுல இருக்கற பொண்ணு ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா ஆசை காட்டி இழுத்துட்டான்னு ஆயிடும்."

"நான் வழிதானேங்க கேட்டேன்?"

"வழி சொல்றதுலதான் எல்லாம் ஆரம்பிக்குதாம். சட்டப் புத்தகத்துல போட்டிருக்கு."

"அப்போ நீங்க மட்டும் பேசறீங்க?"

"இது பொண்ணுங்க சட்டம். எங்களுக்குன்னா எந்தச் சட்டமும் கெடையாது, எங்க வீடு விசாரணையில இருக்கு" என்று பெருமையாகச் சொன்னான் டெக்ஸ்டர்.

பதினோரு வருடமாக இருக்கிறதாம். அந்த வீட்டுப் பையன்கள் அப்போது ஒரு பசுவைக் கல்லூரி மணிக்கூண்டின் உச்சிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பசு படியேறும், இறங்காது. கூண்டின் பாதியை இடித்துத்தான் அதைக் கீழே கொண்டுவந்தார்கள். உடனே வீடு தற்காலிக நீக்கம் செய்யப்பட்டது.

"ஒரு வீட்டை விசாரிக்கணும்னா, அதே வீட்டுல இருந்து பட்டம் வாங்கின பழைய ஆளுங்க மூணு பேர் குழுவுல உக்காரணும். விசாரணை முடியற வரைக்கும் எங்களை வீட்டை விட்டு வெளிய அனுப்ப முடியாது, படிப்பை நிறுத்த முடியாது. மூணு பேரும் வருஷா வருஷம் ஃபுட்பால் மேட்ச் அன்னைக்கு வந்து, விலா எலும்பு வறுவல் சாப்பிட்டு, அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வெச்சுட்டுப் போவாங்க. ஒருத்தர் இப்ப நீதிபதி."

"மத்த ரெண்டு பேரு?"

"மாட்டைத் தள்ளினவங்க."

எல்ம் விடுதி இடதுபக்கம் மூன்றாவது கட்டடம் என்றும் அவன்தான் சொன்னான்.

நான்கு மாடி, இருநூறு அறை. அதில் கோரா ஒருத்திதான். விடுதிக் கண்காணிப்பாளன் எர்வின் என்ற மேல்படிப்பு மாணவன், கழுத்தில் விசிலோடு அவளை வரவேற்று, அன்று மாலையே கூட்டம் போட்டான். பெயர் வாசித்து வருகை எடுத்தான். "குளியலறையில வரிசையைத் தாண்டாதீங்க. முக்கியமா, ஆளுக்கு ஆள் அனுசரிச்சுப் போகணும்" என்று நாற்பது காலி நாற்காலிகளையும் கோராவையும் பார்த்து எச்சரித்தான்.

இதெல்லாம் ஏன் என்று கோராவுக்குப் புரியவைத்தவர் டீன் லோவல் பிங்கம். மாணவர்கள் தங்களுக்குள் ஆள் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு ஒன்றாகத் தங்கும் சங்க வீடுகளுக்கு அவர்தான் தலைவர். வீடுகளின் வாசலில் எல்லாம் கிரேக்க எழுத்து மூன்று மூன்றாகப் பித்தளையில் பளபளக்கும். அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளான கிரேக்கப் பேராசிரியரை, படிக்க மாணவர் இல்லை என்று நான்கு வருடம் முன்பே வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அதனால் எல்லாரும் சட்டை நிறத்தைச் சொல்லித்தான் வீட்டைச் சொல்வார்கள்: மஞ்சள் வீடு, ரோஜா வீடு, ஊதா வீடு.

"உட்காரும்மா" என்றார் டீன். "இந்தக் காலேஜ்ல ஆயிரத்து இருநூத்தி நாலு பேர் படிக்கறாங்க. அதுல ஆயிரத்து இருநூத்தி மூணு பேர் ஏதாவது ஒரு வீட்டுல இருக்காங்க. நாட்டுல வேற எந்தக் காலேஜ்லயும் பாதி கூடத் தேறாது. சில இடத்துல நூத்துக்குப் பத்து, சில இடத்துல சுத்தமா தடையே பண்ணி வெச்சிருக்காங்க, பாவம். நமக்கு மேல இருக்கறது ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற கில்பி காலேஜ் ஒண்ணுதான். அவங்க நூத்துக்கு நூறு."

"சரிங்க சார்."

"போன வாரம் வரைக்கும் நாங்களும் நூத்துக்கு நூறு" என்று சொல்லி அவளையே பார்த்தார்.

ஜன்னலுக்கு வெளியே கல்லூரி வாசலில் ஒரு பெரிய கல் பலகை துணி போர்த்தி நின்றது. 'நூற்றுக்கு நூறு' என்று கோடையிலேயே செதுக்கி வைத்துவிட்டார்கள்.

"நாங்க யாரையும் ஒதுக்கறதே இல்ல" என்று தொடர்ந்தார் டீன். "எல்லாரையும் அணைச்சுக்கறதுதான் எங்க மரபு. சேராதவங்கன்னு ஒருத்தர் இருந்தாத்தானே ஒதுக்கினாங்கன்னு பேச்சு வரும்? அதனாலதான் சேராதவங்களை நாங்க இங்க வெச்சுக்கறதே இல்ல. அக்டோபர் பதினஞ்சோட எல்ம் விடுதியை மூடறோம். அதுக்குள்ள ஒரு வீட்டுல சேர்ந்துடு. வீடு இல்லாதவங்களுக்குப் பட்டம் கெடையாது, அது விதி. விதியை நான்தான் எழுதினேன், முந்நூறு பக்கம்."

கோராவுக்குப் பட்டம் வேண்டும். கால்நடை மருத்துவம் படிக்கப் போக வேண்டுமென்றால் இங்கே இரண்டு வருடத்தை முடித்தாக வேண்டும். அவள் ஊரைச் சுற்றி நாற்பது மைலுக்கு மாட்டு வைத்தியர் இல்லை. இருந்த ஒரே கிழவர் போன வசந்தத்தில் ஓய்வு பெற்றார். அந்த மாதமே அவள் அப்பாவின் மூன்று பசுக்கள் கன்று போட முடியாமல் செத்தன. மூன்றாவது சாகும்போது அதன் தலை கோராவின் மடியில் இருந்தது. அதற்காகத்தான் வந்திருந்தாள். எந்த வீட்டிலும் சேரக் கூடாது என்று அவளுக்கு வீம்பு ஒன்றும் கிடையாது. கட்டில் போட ஒரு இடம் கிடைத்தால் சட்டை எந்த நிறமாக இருந்தால் என்ன?

அதனால் அடுத்த வாரமே மஞ்சள் வீட்டுக்குப் போனாள். மௌனக் காலம் முடிந்திருந்தது. கதவு திறந்ததும் அறுபது பெண்கள் ஒருவர் தலைமேல் ஒருவர் தலையாக வாசலை அடைத்து நின்று, கைதட்டி, ஒரே குரலில் கத்திப் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் ஒருத்தி கோராவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"நீ எந்த ஊரு?"

"நெப்ராஸ்கா."

"ஐயோ, நெப்ராஸ்கான்னா எனக்கு உசுரு!"

"வந்திருக்கீங்களா?"

"இல்லையே!"

அதற்குள் இன்னொருத்தி வந்து முதல் பெண்ணின் தோளைத் தொட்டாள். முதல் பெண் பாதிச் சிரிப்பிலேயே காணாமல் போனாள். "நீ எந்த ஊரு?" என்று ஆரம்பித்தாள் புதியவள். நாற்பது நிமிடத்தில் கோரா பதினொரு பேரிடம் நெப்ராஸ்கா என்று சொன்னாள். பதினொரு பேருக்கும் நெப்ராஸ்கா என்றால் உயிராக இருந்தது.

கடைசியில் வீட்டுத் தலைவி ப்ளைத் ஸ்டாண்டிஷ் அவளை மூலைக்கு அழைத்துப் போனாள்.

"உங்கம்மா எந்த வீடு?"

"எங்க வீடுதான்."

"அது இல்லடி, காலேஜ்ல."

"எங்கம்மா காலேஜ் போகல. பால் கறக்கறாங்க."

ப்ளைத் அவள் கையைத் தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "கோரா, நெஜமாச் சொல்றேன், நீ ரொம்ப நல்ல பொண்ணு. ஆனா பாரு, இதுவரைக்கும் யாருமே எடுக்காத பொண்ணை நாங்க எப்படி எடுக்கறது?"

"நான் முதல்ல வந்ததே உங்ககிட்டதாங்க."

"அதான் சொல்றேன். இன்னும் யாரும் எடுக்கல பாரு."

ரோஜா வீட்டில், மஞ்சள் வீடு ஏன் எடுக்கவில்லை என்று விசாரித்தார்கள். ஊதா வீட்டில், மஞ்சளும் ரோஜாவும் எடுக்காததற்குக் காரணம் இல்லாமல் போகுமா என்றார்கள். ஒன்பதாவது வீட்டில் கதவையே திறக்கவில்லை. உள்ளேயிருந்து பாடி மட்டும் அனுப்பினார்கள்.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி கோரா டீன் அறையில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்குப் போக இடமில்லை. டீனும் கிட்டத்தட்ட அழும் நிலையில்தான் இருந்தார். அவளை வெளியே அனுப்பினால் ஒரு மாணவி படிப்பை விட்டாள் என்று, கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் வழிகாட்டிப் புத்தகத்தில் வேறொரு பத்தியில் ஏறிவிடும். படிப்பை விட்டவர் ஒருவர்கூட இல்லாத கில்பி கல்லூரிதான் அந்தப் பத்தியிலும் முதலிடம்.

திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"ஒரு வீட்டுக்குக் குறைஞ்சது இத்தனை பேர் இருக்கணும்னு நான் எங்கயும் எழுதல!"

இப்படியாக எல்ம் விடுதி ஒரு சங்க வீடு ஆனது. வாசலில் மூன்று கிரேக்க எழுத்து ஏறியது. மிச்சம் எந்த மூன்று இருந்ததோ அதை மாட்டினார்கள். சாம்பல் நிறச் சட்டை ஒன்று தைத்து வந்தது. கோரா தலைவி, செயலாளர், பாட்டுத் தலைவி, புது உறுப்பினர் எல்லாம். ஆனால் முறைப்படி சேராமல் எதுவும் செல்லாது என்றார் டீன். முறை என்றால் முதலில் வாக்கெடுப்பு.

மரப்பெட்டி ஒன்று, வெள்ளைக் கோலிகள், கறுப்புக் கோலிகள். ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆளைச் சேர்க்க முடியாது. வாக்கு நடக்கும்போது விண்ணப்பித்தவள் வெளியே நிற்க வேண்டும். அதனால் கோரா உள்ளே போய் வாக்களித்துவிட்டு, வெளியே வந்து மழையில் கால்மணி நேரம் நின்றாள். டீன் பெட்டியைத் திறந்தார். கறுப்புக் கோலி.

"யாரு போட்டது?" என்று அதிர்ந்துபோனார்.

"ரகசிய வாக்கு சார். சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

"உனக்கு ஏம்மா இந்த வேலை?"

"மனசாட்சிப்படி போடணும்னு பெட்டி மேல எழுதியிருந்துச்சு சார். மனசாட்சியைக் கேட்டேன், வேணாம்னு சொல்லுச்சு."

மறுவாக்கெடுப்பில் டீன் கறுப்புக் கோலிகளைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சேர்க்கைச் சடங்கு. ரகசியச் சடங்கு என்பதால் டீனும் எர்வினும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். கண்ணைக் கட்டிக்கொண்ட புது உறுப்பினரை வீட்டின் மூத்த சகோதரி கைப்பிடித்து மூன்று முறை கூடத்தைச் சுற்ற வேண்டும். மூத்த சகோதரிக்கும் கண் கட்டியிருந்ததால் தூணில் மோதி நெற்றி வீங்கியது. "நான் இந்த ரகசியத்தை உயிர் போனாலும் சொல்ல மாட்டேன்" என்று தனக்குத் தெரியாத ரகசியத்தின் மேல் சத்தியம் செய்தாள். ரகசியக் கைகுலுக்கலுக்கு வலது கையால் இடது கையைக் குலுக்கினாள்.

"முடிஞ்சுதா?" என்று சுவரிடம் கேட்டார் டீன்.

"முடிஞ்சுது சார்."

"வாழ்த்துகள். இனிமே நீ தனியாள் இல்ல!"

எர்வின் விசில் ஊதினான்.

சரி, தொல்லை விட்டது என்று கோரா பாடப் புத்தகத்தை எடுத்தாள். எங்கே விட்டது? இரண்டே வாரத்தில் கல்லூரி முழுவதும் ஒரு பேச்சு பரவியது. சாம்பல் வீட்டில் சேருவது அவ்வளவு கஷ்டமாம். இதுவரைக்கும் ஒரே ஒருத்தியைத்தான் எடுத்திருக்கிறார்களாம். அவளுக்கே முதல் தடவை கறுப்புக் கோலி விழுந்ததாம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ப்ளைத் ஸ்டாண்டிஷே படியேறி வந்துவிட்டாள்.

"கோரா, நெப்ராஸ்கால எந்தப் பக்கம்டி நீ? நான் மஞ்சள் வீட்டை விட்டுட்டு வந்துடலாம்னு பாக்கறேன். உள்ள என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லேன்."

"ஒண்ணும் நடக்கலைங்க. நான் படிக்கறேன்."

"அவ்வளவு ரகசியமா!" என்று ப்ளைத் மூச்சை உள்ளிழுத்தாள்.

அன்று கோராவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளுகுளுவென்று இருந்தது உண்மை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்தியபோது, அந்தக் குளுகுளுப்பு தனக்குப் பிடித்திருந்தது தெரிந்து அவளுக்கே கூச்சமாகப் போய்விட்டது. கண்ணாடியில் சாம்பல் சட்டையைப் பார்த்தாள். அதைக் கழற்றிவிட்டு அப்பாவின் பழைய கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டாள்.

ஜனவரியில் கல்லூரி வழிகாட்டியின் புதுப் பதிப்புக்குக் கணக்கெடுக்க ஒரு அம்மாள் வருவதாகச் செய்தி வந்தது. அவர் முன்னிலையில் கல் பலகையைத் திறந்துவிடலாம் என்று டீன் நாள் குறித்தார். குறித்த பிறகுதான், அது குளிர்காலச் சேர்க்கையின் மௌனக் காலத்தில் விழுகிறது என்று தெரிந்தது. "அதனால என்ன? எல்லாரும் உள்ள இருக்கறவங்கதானே, மௌனம் யாருகிட்ட?" என்றார். இருந்தாலும் முந்தின நாள் வீட்டுத் தலைவிகளை எல்லாம் வரிசையில் நிறுத்தி எச்சரித்தார். மௌனத்தை மீறும் வீடு அந்த நிமிடமே நீக்கம். அதன் தலைவி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கோரா ஒன்பது தலைவிகளோடு பத்தாவதாக நின்று, புரிந்தது என்று கையெழுத்துப் போட்டாள். பட்டத்துக்கு இன்னும் மூன்று பருவம் பாக்கி இருந்தது.

மறுநாள் காலை பத்து மணி. பனி கணுக்கால் அளவு. ஆயிரத்து இருநூறு பேரும் நிறம் நிறமாக வாசலில் நின்றார்கள். டீன் ஒலிபெருக்கியில் பேசினார்.

"இந்தக் காலேஜ்ல தனியா நிக்கற ஒரு ஆளைக் கூட இன்னைக்கு உங்களால காட்ட முடியாது. ஏன்னா, தனியா நிக்கறது எவ்வளவு கஷ்டம்னு நாங்க அவங்களுக்குப் புரிய வெச்சிருக்கோம்!"

கைதட்டல் எழுந்தது. அப்போது பேருந்து வந்து நின்றது.

மெல்லிய மேல்கோட்டோடு ஒரு பெண் இறங்கினாள். காதெல்லாம் சிவந்திருந்தது. டெக்சாஸ் எல்லையிலிருந்து இரண்டு நாள் பேருந்தில் வந்தவள் என்பது பிறகுதான் தெரிந்தது. பெயர் இட்சல் அராண்டா. சக்கரம் உடைந்த பெட்டியைப் பனியில் இழுத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்ததும் நிம்மதியாகச் சிரித்தபடி வந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க, எல்ம் விடுதிக்கு எப்படிப் போகணும்?"

மஞ்சள் வீடு அழகாகச் சிரித்தது. ரோஜா வீடு விரலை உதட்டில் வைத்தது. இட்சல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவிந்தது. யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று அவள் நினைக்கிறாள் என்பது கோராவுக்கு அப்படியே தெரிந்தது. டீன் மேடையிலிருந்து கோராவைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று.

கோரா நாற்பது மைலை நினைத்தாள். மடியில் கிடந்த அந்தத் தலையை நினைத்தாள். இட்சல் இப்போது அவள் எதிரே வந்து நின்றாள். குளிரில் பல் அடித்துக்கொண்டது.

"இடது பக்கம், மூணாவது கட்டடம்" என்றாள் கோரா. குரல் வேண்டிய அளவுக்கு மேலேயே வந்தது. "உள்ள சூடு ஏற கொஞ்ச நேரம் ஆகும். பெட்டியைக் குடு, நான் தூக்கிட்டு வரேன்."

ஆயிரத்து இருநூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். வழிகாட்டிப் புத்தகத்து அம்மாள் குறிப்பேட்டைத் திறந்து, "இந்தப் பொண்ணு எந்த வீடு?" என்று டீனைக் கேட்டார். பலகையின் துணிக் கயிற்றைப் பிடித்திருந்த டீன், பிடித்தபடியே நின்றார்.

பிற்பகல் மூன்று மணிக்கு விசாரணைக்கு வரும்படி ஆள் வந்தது. கோரா பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுப் போனாள். அப்பாவுக்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தாள்.

டீன் முன்னால் முந்நூறு பக்கமும் திறந்து கிடந்தது.

"உன் வீடு தற்காலிக நீக்கம். உன்னை அனுப்பறதுக்கு முன்னாடி விசாரணை நடத்தணும், ஒரு முறை இருக்கு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக வாசித்தார். "விசாரணைக் குழுவில், அதே வீட்டிலிருந்து பட்டம் பெற்ற பழைய மாணவர் மூவர் இருக்க வேண்டும். விசாரணை முடியும்வரை அவ்வீட்டாரை வெளியேற்றவோ, படிப்பை நிறுத்தவோ..."

நிறுத்தினார். பக்கத்தைத் திருப்பினார். திரும்பவும் முன்னால் வந்தார்.

"உங்க வீட்டுல இருந்து பட்டம் வாங்கினவங்க யாரு இருக்காங்க?" என்று மிக மெல்லக் கேட்டார்.

கோராவுக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பிறகு பசு மணிக்கூண்டு ஏறிய கதை ஞாபகம் வந்தது. மூன்று மாதமாக வராத சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வந்தது. மரியாதைக்காக அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"யாரும் இல்ல சார். முதல் ஆளு நான்தான். அடுத்த வருஷம் மே மாசம் வாங்கிடுவேன்."

"மிச்சம் ரெண்டு பேரு?"

"நீக்கத்துல இருக்கற வீடு புது ஆளு சேர்க்கக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்களே சார்."

டீன் புத்தகத்தை மூடினார்.  "அப்போ சேர்க்க முடியாதுன்னா?" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. "அந்த டெக்சாஸ் பொண்ணு அங்க எப்படித் தங்கும்?"

"மாடு ஏத்தின வீட்டுல பதினோரு வருஷமா ஒரு சாக்சஃபோன்காரர் விருந்தாளியா இருக்காராம் சார். அதுக்குத் தடை இல்லைன்னு டெக்ஸ்டர் சொன்னாரு."

கோரா விடுதிக்குத் திரும்பியபோது, எர்வின் கூட்டம் போட்டிருந்தான். முதல் வரிசையில் இட்சல் போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், மஞ்சள் சட்டையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு பெண்கள். அவர்களில் ஒருத்தியைக் கோராவுக்கு அடையாளம் தெரிந்தது. ஆகஸ்டில் வழி கேட்டபோது கண் கலங்கி நின்றவள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும். இடது பக்கம், மூணாவது கட்டடம். எனக்குத் தெரியும்" என்று சொல்லி அந்தப் பெண் மறுபடி அழ ஆரம்பித்தாள்.

"பரவால்ல, விடு" என்று கோரா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எர்வின் விசில் ஊதி, குளியலறை வரிசையைப் பற்றி ஆரம்பித்தான். இந்தத் தடவை நான்கு பேரும் கவனமாகக் கேட்டார்கள். வாசலில், துணி போர்த்திய பலகையின் முன் கல் தச்சர் உளியோடு காத்துக்கொண்டிருந்தார். நூறை அழித்துவிட்டு என்ன எண் போடுவது என்று கேட்டு எர்வினுக்கு டீன் ஆள் அனுப்பியிருந்தார். சாயங்காலம் சாப்பாட்டு நேரம் ஆகட்டும், இன்னும் எத்தனை பேர் வீட்டை விட்டு இங்கே வருகிறார்கள் என்று எண்ணிச் சொல்கிறேன் என்று அவன் பதில் அனுப்பினான்.